காற்று உள்ளெடுப்புத் தொகுதியில் மின்பழுது அறிதல்

காற்று உள்ளெடுப்புத் தொகுதியில் மின்பழுது அறிதல் என்பது, தானுந்துப் பொறியினுள் செல்லும் காற்றை அளக்கும் உணரிகளிலும், அக்காற்றைக் கட்டுப்படுத்தும் மின் இயக்கிகளிலும், அவற்றைக் கட்டுப்பாட்டகத்துடன் இணைக்கும் மின்கம்பிகளிலும் ஏற்படும் கோளாறு எங்குள்ளது என்பதை அளவீடுகளால் கண்டறியும் முறையாகும். பழுதுக் குறியீட்டைப் படித்தவுடன் அதில் பெயர் சுட்டப்பட்ட உணரியை மாற்றிவிடுவது பரவலான வழக்கம். ஆனால் அக்குறியீடு சுட்டுவது ஒரு மின்சுற்றையே. அச்சுற்றில் உணரி ஓர் உறுப்பு மட்டுமே. மின்கம்பி, இணைப்பி, எர்த் இணைப்பு, மின் வழங்கல் ஆகிய நான்கும் அதே சுற்றைச் சேர்ந்தவை.

காற்றழுத்தம் உயரத்தைப் பொறுத்து மாறுவதால், ஓர் அளவீடு சரியா தவறா என்பதை முடிவு செய்ய வண்டி நிற்கும் இடத்தின் உயரமும் தெரிந்திருக்க வேண்டும். இதனை விளக்க, தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமவெளியில் உள்ள திருநாவலூரும், அதே மாவட்டத்தில் மேற்கே உள்ள கல்வராயன் மலையும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

பின்னணி

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, நிறை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எத்தனால் கலந்த பெட்ரோலில் இவ்விகிதம் சற்றுக் குறையும். கார்புரேட்டர் உள்ள பொறியில், காற்றோட்டம் உண்டாக்கும் அழுத்தக் குறைவே எரிபொருளை உறிஞ்சி எடுத்துவிடும். காற்றை யாரும் அளப்பதில்லை. எரிபொருளை மின்னணு முறையில் பீச்சும் பொறியில் நிலைமை வேறு. எவ்வளவு காற்று உள்ளே செல்கிறது என்பதை மின்சைகையாக அறிந்த பின்னரே எவ்வளவு எரிபொருள் பீச்சுவது என்பதைக் கட்டுப்பாட்டகம் கணக்கிடும். எனவே காற்றளவில் ஏற்படும் மின்பிழை, அப்படியே எரிபொருட் பிழையாக மாறும்.

செருமனியின் பாசு நிறுவனம் 1967 இல் அறிமுகப்படுத்திய டி-ஜெட்ரானிக் தொகுதி, உள்ளெடுப்புக் குழலின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணித்தது. 1970களில் வந்த எல்-ஜெட்ரானிக், காற்றுத் தள்ளும் ஒரு மடலின் அசைவைக் கொண்டு கணித்தது. 1980களில் வந்த எல்எச்-ஜெட்ரானிக், சூடாக்கப்பட்ட கம்பியைக் காற்று குளிர்விக்கும் அளவைக் கொண்டு கணித்தது. இன்றுள்ள தானுந்துகள் இவற்றுள் முதல் வழியையோ மூன்றாம் வழியையோ பின்பற்றுகின்றன. சிலவற்றில் இரண்டும் உண்டு.

இந்தியாவில் அம்பாசிடர், பிரிமியர் பத்மினி ஆகியவற்றின் காலத்தில் பெரும்பகுதி கார்புரேட்டரின் காலமே. 1998 இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ, எரிபொருள் பீச்சும் பொறியுடன் விற்பனைக்கு வந்த தொடக்ககாலச் சிறு தானுந்துகளுள் ஒன்று. புகை வெளியீட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் தானுந்துகளிலிருந்து மறைந்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரல் முதல் ஓபிடி எனப்படும் வண்டியினுள் அமைந்த பழுதறி முறையும், 2013 ஏப்ரல் முதல் அதன் விரிவான இரண்டாம் கட்டமும் இந்தியாவில் கட்டாயமாயின. அதன் பின்னர் உற்பத்தியான தானுந்துகளில், ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகில் உள்ள 16 முனைத் துளையில் ஸ்கேனரைச் செருகி, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடுகளைப் படிக்க இயலும்.

உணரிகளும் அவற்றின் சைகைகளும்

உள்ளெடுப்புக் குழல் அழுத்த உணரி, பட்டறை வழக்கில் மேப் சென்சார் எனப்படும். இதற்கு மூன்று கம்பிகள் உண்டு: கட்டுப்பாட்டகம் வழங்கும் 5 வோல்ட், எர்த், சைகை. வெப்பநிலை உணரியும் இதனுள்ளேயே அமைந்திருந்தால் நான்காவது கம்பி ஒன்று இருக்கும். 10 முதல் 115 கிலோபாஸ்கல் வரை அளக்கும் ஒரு பரவலான வகையில், சைகை 0.4 வோல்ட்டிலிருந்து 4.65 வோல்ட் வரை நேர்கோட்டில் உயரும். அதாவது ஒரு கிலோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 0.04 வோல்ட். இக்கட்டுரையில் பின்வரும் கணக்குகள் இவ்வகை உணரியைக் கொண்டே செய்யப்பட்டவை.

சூட்டுக் கம்பி அல்லது சூட்டுப் படலம் கொண்ட காற்று நிறை உணரி, காற்று வடிகட்டிக்கு அடுத்துள்ள குழாயில் இருக்கும். இதற்கு 12 வோல்ட் வழங்கல் தேவை. அது பெரும்பாலும் ஒரு பியூஸ், ஒரு ரிலே வழியாக வருகிறது. எனவே இவ்வுணரியின் சைகை முற்றிலும் இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியது பியூஸ் பெட்டியைத்தான். டீசல் பொறிகளில் இவ்வுணரி புகையைக் கட்டுப்படுத்தவும், வெளியேறும் வளிமத்தில் எவ்வளவை மீண்டும் உள்ளே செலுத்துவது என்பதை முடிவு செய்யவும் உதவுகிறது.

உள்ளெடுப்புக் காற்றின் வெப்பநிலையை அளப்பது, சூடேறும்போது மின்தடை குறையும் ஒரு சிறு மின்தடையம். அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 2,000 ஓம் முதல் 2,500 ஓம் வரையும், 80 °செ அளவில் சில நூறு ஓம்களும் காட்டுவது பொதுவானது. இதன் கம்பி அறுந்தால் கட்டுப்பாட்டகம் முடிவிலித் தடையைக் கண்டு, அதனைக் கடுங்குளிர் என எண்ணும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் ஸ்கேனரில் காற்றின் வெப்பநிலை -40 °செ என்று தெரிந்தால், அது வானிலைச் செய்தி அன்று. கம்பி எங்கோ திறந்திருக்கிறது என்ற செய்தி.

திராட்டில் வால்வு பழைய வண்டிகளில் கம்பிவடத்தால் இழுக்கப்பட்டது. இப்போதைய வண்டிகளில் மிதியின் நிலையை இரண்டு உணரிகள் கட்டுப்பாட்டகத்துக்குச் சொல்ல, அதன் ஆணைப்படி ஒரு சிறு மின்னோடி வால்வைத் திறக்கிறது. வால்வின் நிலையையும் இரண்டு உணரிகள் திருப்பிச் சொல்கின்றன. பல வடிவமைப்புகளில் ஒன்றின் மின்னழுத்தம் ஏற மற்றொன்றின் மின்னழுத்தம் இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 5 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். இரட்டிப்பான இந்த ஏற்பாடு பாதுகாப்புக்கானது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கட்டுப்பாட்டகம் மின்னோடிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடும். சுருள்வில் வால்வைச் சிறிதளவு திறந்த நிலையில் பிடித்துவைக்க, வண்டி ஊர்ந்து செல்லும் அளவுக்கே ஆற்றல் கிடைக்கும். சமவெளிச் சாலையில் இது ஓரமாக ஒதுங்கி நிற்பதோடு முடியும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில், பின்னால் வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போது திடீரென ஆற்றல் இழப்பது இடர் மிக்கது. அதனால் விட்டு விட்டுத் தோன்றும் திராட்டில் குறியீட்டை, அழித்துவிட்டால் போய்விடும் என்று கருதி மலைப் பயணம் தொடங்குவது ஏற்கத்தக்கதன்று.

பழுதுக் குறியீட்டின் பொருள்

பொதுக் குறியீடுகளில் பி0100 முதல் பி0104 வரை காற்று நிறை உணரியின் சுற்றையும், பி0105 முதல் பி0109 வரை அழுத்த உணரியின் சுற்றையும், பி0110 முதல் பி0114 வரை காற்று வெப்பநிலைச் சுற்றையும், பி0120 முதல் பி0124 வரை திராட்டில் நிலைச் சுற்றையும் குறிக்கும். பி2135 என்பது திராட்டிலின் இரு உணரிகளும் முரண்படுவதைக் குறிக்கும்.

இவற்றுள் சைகை தாழ்ந்துள்ளது, உயர்ந்துள்ளது என்று கூறும் குறியீடுகளும், சைகை பொருத்தமற்றது என்று கூறும் குறியீடுகளும் தம்முள் வேறானவை. பி0107 என்றால் அழுத்தச் சைகை, அளவீட்டின் கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்டது. இது பெரும்பாலும் மின்பழுது. பி0101 என்றால் காற்று நிறைச் சைகை எல்லைக்குள் இருந்தும் மற்ற உணரிகளின் கணக்கோடு ஒத்துவரவில்லை. அழுக்கேறிய சூட்டுப் படலம், கிழிந்த காற்றுக் குழாய், அடைத்த வடிகட்டி ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். இரண்டாவது வகைக் குறியீட்டைக் கண்டதும் மின்கம்பிகளைப் பிரித்துத் தேடுவது வீண் வேலை.

கம்பி அறுந்தால் சைகை தாழுமா உயருமா என்பது கட்டுப்பாட்டகத்தின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஒரே வேளையில் பல உணரிகள் தாழ்ந்த சைகை காட்டினால், அத்தனையும் சேர்ந்து கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை பகிர்ந்துகொள்ளும் 5 வோல்ட் வழங்கல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். உணரிகளின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எந்த இடத்தில் 5 வோல்ட் மீள்கிறதோ, அங்கே பழுது உள்ளது. அனைத்தையும் கழற்றியும் மீளாவிட்டால் கம்பியையோ கட்டுப்பாட்டகத்தையோ ஐயுற வேண்டும். குளிர்சாதனத்தின் அழுத்த உணரி கெட்டு, பொறியையே நிறுத்திவிடுவது இவ்வழியில்தான். அவ்வுணரியும் சில வண்டிகளில் இதே வழங்கலைப் பகிர்கிறது.

குறியீடு பதிவான கணத்தில் பொறியின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவை எவ்வாறு இருந்தன என்பதையும் கட்டுப்பாட்டகம் சேமித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இப்பதிவும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அதனைக் குறித்துக்கொள்வது நல்லது.

அளக்கும் முறை

இதற்கு வேண்டிய முதன்மைக் கருவி உள்தடை மிகுந்த எண்ணிம மல்டிமீட்டர். சோதனை விளக்கைக் கட்டுப்பாட்டகத்தின் கம்பிகளில் வைக்கக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் வகையில் அச்சுற்றுகள் அமைக்கப்படவில்லை.

அழுத்த உணரியின் இணைப்பியைக் கழற்றி, சாவியை ஆன் நிலையில் வைத்து, பொறியை இயக்காமல் அளந்தால் ஒரு முனையில் 5 வோல்ட்டும், எர்த் முனையில் மின்கல எதிர்முனையோடு ஒப்பிட்டுச் சுழியமும் கிடைக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் உணரிக்கு வேண்டியது வந்து சேர்கிறது என்பது புலனாகும். கட்டுப்பாட்டகமும் சைகைக் கம்பியும் நலமாக உள்ளனவா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. வெப்பநிலை உணரியைக் கழற்றினால் ஸ்கேனர் -40 °செ காட்ட வேண்டும். அதே இணைப்பியின் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் காட்டும் அளவு 100 °செ-ஐக் கடந்து உச்சத்துக்குத் தாவ வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் கம்பிகளும் கட்டுப்பாட்டகமும் சரி. எஞ்சியது உணரி மட்டுமே. ஒன்று நிகழாவிட்டால் புதிய உணரி வாங்கியும் பயன் இராது.

இணைப்பியைக் கழற்றி எடுத்த அளவு, கழற்றிய நிலைக்கு மட்டுமே உரியது. மின்னோட்டம் ஓடாதபோது பச்சை பூத்த முனையும் முழு 5 வோல்ட்டைக் காட்டும். ஆகவே இணைப்பி மாட்டியிருக்க, அதன் பின்புறமாக மெல்லிய ஊசிமுனையைச் செலுத்தி, பொறி ஓடும்போது மீண்டும் அளக்க வேண்டும். உணரியின் எர்த் முனைக்கும் மின்கல எதிர்முனைக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அவ்வழியில் எங்கோ தடை உள்ளது. திராட்டில் மின்னோடி போன்ற கூடுதல் மின்னோட்டம் எடுக்கும் சுற்றுகளில், இழைகள் பலவும் அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பிகூட ஓம் அளவீட்டில் நல்ல கம்பியாகவே தோன்றும். சுமையின்போது எடுக்கும் மின்னழுத்த இழப்பு அளவீடே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

விட்டு விட்டு வரும் பழுதுக்கு, மீட்டரைச் சைகைக் கம்பியில் வைத்தபடி கம்பித் தொகுப்பைப் பிரிவு பிரிவாக அசைத்துப் பார்ப்பதே பழைய, நம்பகமான வழி. திராட்டிலின் இதழைக் கையால் அசைத்துப் பார்க்க நேர்ந்தால் சாவியை முதலில் அணைத்துவிட வேண்டும். மின்னோடி திடீரென இதழை மூடினால் விரல் நசுங்கும்.

குறியீடு எழாத பழுது

மேற்கூறியவற்றைவிடக் கடினமானது, சைகை எல்லைக்குள் இருந்துகொண்டே பொய் சொல்லும் நிலை. அழுத்த உணரியின் வெளியீடு, தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தின் ஒரு விகிதமாகவே அமைகிறது. எர்த் வழியில் 0.2 வோல்ட் இழப்பு இருப்பதாகக் கொள்வோம். இவ்வுணரி 10 மில்லிஆம்பியர் அளவே மின்னோட்டம் எடுக்கும் என்பதால், இணைப்பி முனையில் 20 ஓம் அளவுக்கு அரிப்பு ஏற்பட்டாலே இந்த இழப்பு உண்டாகும். இப்போது உணரிக்குக் கிடைப்பது 4.8 வோல்ட், அதன் அடித்தளமும் 0.2 வோல்ட் உயர்ந்துவிட்டது.

சாவியை மட்டும் திருப்பி, பொறி ஓடாத நிலையில் அளந்தால் சைகை 4.07 வோல்ட்டுக்குப் பதில் 4.11 வோல்ட் இருக்கும். வேறுபாடு ஒரு கிலோபாஸ்கல்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள். வண்டி நிற்கையில் பொறி மட்டும் மெதுவாக ஓடும் வெற்றோட்ட நிலையில், உண்மை அழுத்தம் 35 கிலோபாஸ்கல் எனில் சைகை 1.41 வோல்ட் இருக்க வேண்டும். வருவதோ 1.55 வோல்ட். கட்டுப்பாட்டகம் இதனை 38 கிலோபாஸ்கலுக்கும் மேலாகப் படித்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருளைப் பீச்சும்.

5 வோல்ட் வழங்கும் கம்பியில் அதே 0.2 வோல்ட் இழப்பு ஏற்பட்டால் நேர்மாறாக நிகழும். வெற்றோட்டத்தில் பிழை சிறிது; ஆனால் வளிமண்டல அழுத்தத்துக்கு அருகே சைகை 3.91 வோல்ட்டாகக் குறைந்து, 4 கிலோபாஸ்கல் பிழையைத் தரும். எனவே அழுத்த உணரியைப் பொறி ஓடாதபோது ஒரு முறையும், வெற்றோட்டத்தில் ஒரு முறையும் அளந்து ஒப்பிட்டால், பழுது எர்த் பக்கமா வழங்கல் பக்கமா என்பது கம்பியைத் தொடுமுன்பே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இப்பிழையை ஓட்டுநர் உடனே உணராமைக்குக் காரணம் உண்டு. புகைக்குழாயில் உள்ள ஆக்சிசன் உணரியைக் கொண்டு கட்டுப்பாட்டகம் எரிபொருளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனரில் விழுக்காடாகக் காணப்படும் இத்திருத்தம், சுழியத்திலிருந்து 10 விழுக்காட்டுக்குள் கூடியோ குறைந்தோ இருப்பது பொதுவாக ஏற்கத்தக்கது. வெற்றோட்டத்தில் மட்டும் திருத்தம் -10 விழுக்காட்டை எட்டி, வேகம் கூடியதும் சுழியத்துக்குத் திரும்பினால் மேற்கண்ட எர்த் பழுதை நினைக்கலாம். ஆக்சிசன் உணரி சூடேறாத குளிர்த் தொடக்கத்தில் இத்திருத்தம் செயற்படாது. காலையில் மட்டும் பொறி திணறுவதும் பெட்ரோல் வாடை வீசுவதும் அதனால்தான். இந்நிலை நீடித்தால் வினையூக்கி மாற்றி கெடும். உணரியைவிடப் பன்மடங்கு விலையுள்ள உறுப்பு அது.

திருநாவலூரிலும் கல்வராயன் மலையிலும் ஓர் உணரி

கெடிலம் ஆற்றை ஒட்டிய திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊராகப் பெயர் பெற்றது. இவ்வூர் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. இங்கு வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 100 முதல் 101 கிலோபாஸ்கல் வரை இருக்கும். பொறி ஓடாதபோது உள்ளெடுப்புக் குழலின் அழுத்தமும் அதுவே. ஆகவே மேற்குறித்த உணரி 4.05 முதல் 4.1 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஸ்கேனரில் 106 கிலோபாஸ்கல் என்று வந்தால், குறியீடு ஏதும் இல்லாவிட்டாலும் அந்த அளவு பொய்; அத்தகைய அழுத்தம் இவ்வூரில் நிலவுவதில்லை.

உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1.1 கிலோபாஸ்கல் குறையும். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரமுள்ள ஓரிடத்தில் அது 92 கிலோபாஸ்கலாக இருக்கும்; அதே உணரி 3.72 வோல்ட் காட்டும். சமவெளியில் பழகிய அளவை மனத்தில் வைத்திருப்பவர் இதனைப் பழுது என்று எண்ணக்கூடும். உண்மையில் உணரி தன் வேலையைச் செய்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத பொறி அவ்வுயரத்தில் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பதும் இயல்பே.

மாறாக, மலைமேல் சென்ற பின்னும் சைகை சமவெளியில் இருந்த அளவிலேயே நின்றால்தான் ஐயுற வேண்டும். தனியே அழுத்த இறைப்பி வாங்க இயலாதவருக்கு மலைச்சாலையே ஓர் அளவுக் கருவியாகிறது. அடிவாரத்தில் கோமுகி அணை அருகே ஒரு முறையும், வெள்ளிமலையில் ஒரு முறையும் சாவியை மட்டும் திருப்பி அளவெடுத்து, கைப்பேசி காட்டும் உயரத்தோடு ஒப்பிட்டால் உணரியின் நேர்கோட்டுத் தன்மையைச் சோதித்துவிடலாம். காற்று நிறை உணரி மட்டும் உள்ள வண்டிகளில் பல, வளிமண்டல அழுத்தத்தை அளக்கக் கட்டுப்பாட்டகத்தினுள் தனி உணரி வைத்துள்ளன. அவற்றிலும் ஸ்கேனர் வழியே இதே ஒப்பீட்டைச் செய்யலாம்.

பழுது தோன்றும் இடங்கள்

உணரிகளைவிட இணைப்பிகளே மிகுதியாகத் தொல்லை தருவன. பட்டறைகளில் கப்ளர் எனப்படும் இவற்றின் பூட்டு நாக்கு, பொறியின் சூட்டில் நொறுங்கியதும் முனைகள் அதிர்வில் தளர்கின்றன. பெண் முனையில் தடித்த மீட்டர் ஊசியைத் திணித்துச் சோதிப்பதால் முனை விரிந்து, சோதனையே புதிய பழுதை உண்டாக்குவதும் உண்டு. வண்டி கழுவும்போது உயரழுத்த நீரைப் பொறியின்மீது பாய்ச்சுவதால், இரப்பர் காப்பு தளர்ந்த இணைப்பிகளுள் நீர் புகுந்து முனைகள் பச்சை பூக்கும்.

எலிகளின் பங்கும் சிறிதன்று. இரவில் நிறுத்திய வண்டியின் சூடான பொறியை நாடி வரும் எலி, மெல்லிய உணரிக் கம்பிகளைக் கடித்துவிடும். நெல் வயல்களும் களங்களும் சூழ்ந்த ஊர்களில் இது நன்கு அறிந்த தொல்லை. கடித்த இடத்தில் கம்பியை முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவது சில வாரங்களுக்கே தாங்கும். பற்றாசு வைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு மூடுவதே நிலைக்கும்.

பழுது நீக்கியபின் குறியீட்டை அழித்து, எந்தச் சூழலில் அது முதலில் பதிவானதோ அதே சூழலில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்த் தொடக்கத்தில் பதிவானது எனில், இரவு முழுதும் வண்டியை நிறுத்திவைத்து மறுநாள் காலையில் சோதிப்பதே சரி. திராட்டில் பகுதியை மாற்றியோ துடைத்தோ இருந்தால், அதன் மூடிய நிலையைக் கட்டுப்பாட்டகம் புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். இதற்கான செய்முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் சாவியை ஆன் நிலையில் சிறிது நேரம் விட்டாலே போதும். சிலவற்றில் ஸ்கேனர் வழியேதான் செய்ய இயலும்.